உயிரணுவுக்குச் சுவர் பூசும் ஆசாமி

அவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு தும்மல் தும்மினால் போதும், தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்து நிற்பார். வந்தவர் தும்மலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். தும்மிய அணுவைப் பற்றிப் பேசுவார். அவர் வைத்தியர் அல்லர். வைத்தியம் படித்தவரும் அல்லர். வைத்தியம் படித்தவர் எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கூட அல்லர். மருந்துப் புட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தவர். அந்தத் தாளில் எத்தனை வரி உண்டோ அத்தனை வரிதான் அவருடைய சாஸ்திரம். தாள் கிழிந்திருந்தால் சாஸ்திரமும் அந்த இடத்தில் கிழிந்திருக்கும், ஆனால் அவர் நிறுத்தமாட்டார்.

இந்த இனத்துக்கு நான் 'லேபிள் வைத்தியர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்கும் உரிமை எனக்கு உண்டு. நான் விலங்கியல் பட்டதாரி. புதிய பிராணியைக் கண்டுபிடித்தவன் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. கண்டுபிடித்த இடம் போர்ட் பிளேரில் லம்பா லைன் என்ற குடியிருப்பு. கண்டுபிடித்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று. கண்டுபிடித்த பிராணி அப்போது என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

ஆம், நான்தான். வேறு யாரையோ கேலி செய்யப்போகிறேன் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் முதன்முதலாக பி.எஸ்ஸி. முடித்தவன் நான். முதன்முதலாகப் பத்தாவது முடித்தவனும் நான்தான். ஊர்க்காரர்கள் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள்: மாட்டுக்கு ஏன் நுரை தள்ளுகிறது, சந்திரனில் இறங்கியவன் எப்படித் திரும்பி வந்தான், கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றிரண்டு சரியாகவும் இருந்தன. அப்படிப்பட்டவன் அரசாங்க உத்தியோகம் கிடைத்து, நான்கு நாள் கப்பலில் வாந்தியெடுத்து, இந்தத் தீவில் வந்து இறங்கினால், ஆபீஸில் தவளை அறுத்த கையில் ஃபைல் கட்டும் நாடாவைக் கொடுத்தார்கள். வருஷம் இரண்டு ஆயிற்று. ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன்கூட என்னிடம் விலங்கியலில் ஒரு சந்தேகம் கேட்கவில்லை. வாசலில் பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்ஸி.' என்று பெயிண்டில் எழுதி வைத்தேன். மழையில் பெயர் அழிந்துவிட்டது. பி.எஸ்ஸி. மட்டும் நின்றது. அன்றிலிருந்து லைன் முழுக்க என் பெயரே 'பி.எஸ்ஸி. சார்' என்றாகிவிட்டது. வருத்தப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்?

இந்த நிலையில்தான் எனக்கு லெசித்தின் கிடைத்தது.

மேலதிகாரி படித்துவிட்டுப் போட்ட ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பக்க விளம்பரம். மனித உடம்பில் கோடானுகோடி உயிரணுக்கள் உண்டாம். ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு சவ்வு உண்டாம். அந்தச் சவ்வு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பால் ஆனதாம். சவ்வு நன்றாக இருந்தால் அணு நன்றாக இருக்கும், அணு நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருப்பான். ஆகவே அந்தப் பாஸ்போலிப்பிட்டிலேயே தலைசிறந்ததான லெசித்தினை வில்லையாக விழுங்கினால் தளர்ச்சி, மறதி, முடி உதிர்தல், மூச்சிரைப்பு, முதுமை ஆகியவை ஓடிப்போகும். படித்தவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் இதில் முதல் பாதி என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது! பல்கலைக்கழகத் தேர்வில் 'லெசித்தின்: குறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி. அதை நான் சாய்ஸில் விட்டிருந்தேன். ஐந்து மதிப்பெண் பாக்கியை நாட்டுக்குத் தீர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விளம்பரத்தின் முதல் பாதி உண்மை. அதில்தான் ஆபத்து. முழுப் பொய்யென்றால் நாமே சிரித்துவிட்டுப் போயிருப்போம். சவ்வு கொழுப்பால் ஆனது என்பது சத்தியம். ஆகையால் இந்த வில்லை உன் சவ்வை ஒட்டும் என்பது, கப்பல் இரும்பால் ஆனது, ஆகையால் ஓட்டை விழுந்த கப்பலுக்குள் ஆணி மூட்டையைக் கொட்டு என்பது போல. இந்த உவமை இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

லேபிள் வைத்தியரை அடையாளம் காண்பது எளிது. 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். 'நோய்னு ஒண்ணு கிடையவே கிடையாது' என்று தொடங்குவார். 'அமெரிக்காக்காரன் இதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டான்' என்று தொடர்வார். அவருடைய மருந்து ஒன்றுதான். வியாதிகள்தான் பலவாக இருந்து அவரைத் தொந்தரவு செய்கின்றன. முழங்கால் வலியா? முழங்கால் எதனால் ஆனது? உயிரணுவால். முடி கொட்டுகிறதா? முடியின் வேரில் இருப்பது என்ன? உயிரணு. பையனுக்குக் கணக்கு வரவில்லையா? மூளையின் உயிரணு. மாமியாரோடு சண்டையா? மாமியாரும் உயிரணுக்களால் ஆனவர்தானே ஐயா! இப்படி எந்த வாசலில் நுழைந்தாலும் அவர் அதே அறைக்கு வந்து சேருவார், வந்து சேர்ந்து, உங்களையும் உட்காரச் சொல்வார்.

என் செயல்முறை விளக்கம் லம்பா லைனில் பிரசித்தம். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் எதிரெதிரே நீட்டி, "இதுதான் சவ்வு. ரெண்டு வரிசை. கொழுப்பு வால் உள்பக்கம், தலை வெளிப்பக்கம்" என்பேன். புரியாத முகங்களைப் பார்த்து, "உயிரணுங்கிறது ஒரு வீடு. சவ்வுங்கிறது சுவர். லெசித்தின்ங்கிறது சுவருக்குப் பூச்சு" என்று இறங்கி வருவேன். மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, வருஷத்தில் எட்டு மாதம் மழையில் நனைந்து ஊறும் வீடுகளில் குடியிருப்பவர்களுக்குச் சுவர் என்றால் உடனே புரியும். தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காக நான் எத்தனை மைல் வேண்டுமானாலும் நடந்திருப்பேன். கராச்சர்மா வரைக்கும் ஒருமுறை நடந்தே இருக்கிறேன், ஒருவருக்கு வாயுத்தொல்லை என்று கேள்விப்பட்டு.

மருந்து இங்கே கிடைக்காது. எதுவும் இங்கே கிடைக்காது. எல்லாம் கப்பலில் வர வேண்டும். அதற்காக எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மெயின்லேண்டுக்குப் போகிறார் என்று தெரிந்தால் லைனே திரண்டு அவரிடம் ஆளுக்கொரு சீட்டைக் கொடுக்கும்: எவர்சில்வர் தூக்கு ஒன்று, பஞ்சாங்கம் ஒன்று, இடியாப்ப உரல் ஒன்று, பிள்ளைக்கு இந்த அளவில் செருப்பு. மறுப்பது மரியாதையில்லை. பஜாரில் கடை வைத்திருந்த சேக் தாவூத் பாய் சரக்கெடுக்கச் சென்னைக்குக் கிளம்பியபோது நானும் ஒரு சீட்டு நீட்டினேன். பாய் கீழக்கரைப் பக்கத்துக்காரர். எதையும் கண்ணைச் சுருக்கித்தான் படிப்பார்.

"லெ... சி... இது என்னா தம்பி, எலி மருந்தா?"

"பாய்! இது உயிரணுவுக்கு."

"யாரு அது? நம்ம லைன்ல புதுசா வந்த பொண்ணா?"

"நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கு பாய். உங்க உடம்புலயும்."

"எனக்குத் தெரியாம எவ்ளோ நாளா இருக்கு?" என்றவர், சீட்டை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். "சரி, உரலுக்குப் பக்கத்துல எழுதி வச்சிக்கிறேன்."

பாய் போனார். அந்தக் கப்பல் திரும்பி வருவதற்குள்தான் ஜம்புலிங்கம் என்னிடம் வந்தார்.

ஜம்புலிங்கம் என் அடுத்த வீட்டுக்காரர். ரோடு போடும் கேங்கில் தினக்கூலி மஜ்தூர். ஒன்பது வருஷமாக அப்படித்தான். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை, இங்கேயோ மழை எப்போது நிற்கும் என்று மழைக்கே தெரியாது. அந்த வருஷம் நிரந்தரமாக்கப்போகிறவர்களின் பட்டியல் வெளியாகி, அதில் அவர் பெயரும் வந்துவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் உடல் தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி. ஆறு வாரத்தில் தேதி. அதில் தவறினால் அவ்வளவுதான். அடுத்த பட்டியல் எப்போது வருமோ, வரும்போது அவருக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அப்புறம் ஆயுள் முழுக்க வானத்தைப் பார்த்துக் கூலி வாங்க வேண்டியதுதான்.

"சார், மூச்சு வாங்குது சார்" என்றார். "கல்லுக்கூடையத் தூக்கி நாலு எட்டு வைக்க முடியல. எங்க கேங்கை மேய்க்கிற மேட் இந்தியில கேலி பண்றான், புட்டா ஹோ கயா க்யா, கிழவனாயிட்டியான்னு. டிஸ்பென்சரிக்குப் போனேன். இந்தக் கவரைக் குடுத்து, வெறும் வயித்துல முழுங்கு, முந்தின நாளும் அன்னிக்கும் எண்ணெய், நெய், முட்டை எதுவும் தொடாதேன்னாரு கம்பவுண்டரு. பூச்சி மருந்தாம்."

பழுப்புக் காகித உறை. உள்ளே சில வில்லைகள். லேபிள் இல்லை. எனக்கு அதில் மரியாதை வருமா?

"எண்ணெய் தொடாதேன்னா சொன்னார்?"

"ஆமா சார்."

"முட்டையும்?"

"ஆமா சார்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் வக்கீல்கூட அவ்வளவு கம்பீரமாக எழுந்திருக்கமாட்டார். "அண்ணே, உங்க உயிரணுவோட சவ்வே கொழுப்பு! சுவர் இடிஞ்சு கிடக்கிறதாலதான் உங்களுக்கு மூச்சு வாங்குது. அந்த நேரத்துல கொழுப்பைத் தொடாதேன்னா சொல்றது? முட்டை மஞ்சள்தான் லெசித்தின். கிரேக்க பாஷையில அந்தப் பேருக்கே மஞ்சக்கருன்னுதான் அர்த்தம்! இது வேற, அது வேற. ரெண்டும் உள்ளே போனா ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கும். முதல்ல சுவரைப் பூசுவோம். நாப்பது நாள். அப்புறம் வேணும்னா இந்தக் கவரைப் பார்த்துக்கலாம்."

அந்த மருந்தோடு கொழுப்பு சேர்ந்தால் மருந்து குடலில் தங்காமல் ரத்தத்தில் ஏறிக் கெடுதல் செய்யும். அதனால் அந்த இரண்டே நாளைக்குத்தான் பத்தியம். கம்பவுண்டர் சொன்னதன் அர்த்தம் அவ்வளவுதான். அதை அவரிடமே கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பார். பட்டதாரி போய்க் கம்பவுண்டரிடம் கேட்பானா?

ஜம்புலிங்கத்தின் மனைவி அன்னம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதனால் எதையும் கவனிக்காமல் விடுவதில்லை.

"ஏன் தம்பி, வீட்டுக்குள்ள பாம்பு புகுந்திருக்குன்னு ஒருத்தன் சொல்றான். நீங்க சுவருக்குப் பூசச் சொல்றீங்க. பூசுனா பாம்பு வெளிய போயிருமா, உள்ளயே சௌரியமா இருக்குமா?"

"அக்கா, இது சயின்ஸ்."

"சரி. பாம்புக்குச் சயின்ஸ் தெரியுமான்னுதான் கேட்டேன்."

ஜம்புலிங்கம் அவரை அதட்டினார். "ஏ, சும்மா இரு. படிச்சவரு சொல்றாரு." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக நான் ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போனவன். உறையை வாங்கி, அவர்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பின்னால் நானே செருகினேன்.

கப்பல் வரும்வரை மஞ்சள் கரு. நாளைக்கு நாலு. கராச்சர்மாவில் கோழி வளர்க்கும் வீடுகளிலிருந்து முட்டை வரும். மஞ்சளை ஜம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். வெள்ளையை வீணாக்கக் கூடாதென்று அன்னம்மாள் வெங்காயம் போட்டுப் பொரித்துச் சாப்பிடுவார். இரண்டு வாரத்தில் மஞ்சள் சாப்பிட்டவர் வெளுத்தார். வெள்ளை சாப்பிட்டவர் கன்னம் பளபளத்தார். கண்ணுள்ள எவனும் இதைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். யோசித்து, "பழைய சுவரைச் சுரண்டுறப்ப கொஞ்சம் வெளுப்பாத்தான் தெரியும்" என்று விளக்கம் சொன்னேன்.

கப்பல் வந்தது. பாய் இடியாப்ப உரலையும் புட்டியையும் கொண்டுவந்து வைத்தார். கடல் காற்றில் வில்லைகளெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, புட்டிக்குள் தேன்கூடு மாதிரி ஒரே கட்டியாக உட்கார்ந்திருந்தன.

"வழியில கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க போல" என்றார் பாய். "பிரிக்கிறது பாவம்."

நான் பிரித்தேன். கத்தியால். முதல் துண்டை என் மேலேயே பரிசோதித்தேன். விஞ்ஞானி அப்படித்தான் செய்ய வேண்டும். துண்டு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது போலும். அன்றைக்கு ஆபீஸுக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கும் கொல்லைக்குமாகப் பொழுது போயிற்று. ஜன்னல் வழியாக நலம் விசாரித்த ஜம்புலிங்கத்திடம், "கழிவெல்லாம் வெளியேறுது அண்ணே, மருந்து வேலை செய்யுது" என்று முனகினேன். அவர் நம்பிக்கையோடு தம்முடைய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தகுதிச் சோதனை நாள். உதவிக்கு நானும் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு பேச ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டுமல்லவா? டாக்டர் ஒரு வங்காளத்து அம்மாள். ஜம்புலிங்கத்தின் கண் இமையைக் கீழே இழுத்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி இருந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். நாக்கைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். இதுதான் தருணம் என்று நான் முன்னால் வந்தேன்.

"மேடம், திஸ் பேஷண்ட் இஸ் அண்டர் லெசித்தின்."

"ஆர் யூ எ டாக்டர்?"

"நோ மேடம். பி.எஸ்ஸி., ஜுவாலஜி. செகண்ட் கிளாஸ்."

கிளாஸை யார் கேட்டார்கள்? இன்றுவரை தெரியவில்லை.

அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு ஜம்புலிங்கத்திடம் இந்தியில் பேச ஆரம்பித்தார். அவரும் மளமளவென்று இந்தியில் பதில் சொன்னார். ஒன்பது வருஷம் வங்காளியோடும் தெலுங்கரோடும் மலையாளியோடும் கல் உடைத்தவருக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ, கல்லூரியில் இந்திக்கு எதிராக ஊர்வலம் போன அனுபவம் மட்டுமே உண்டு. மொழிபெயர்க்கப் போனவன், நோயாளியே மொழிபெயர்க்கட்டும் என்று காத்து நின்றேன். எனக்குப் புரிந்த வார்த்தைகள் மூன்று: 'சார்', 'அண்டா', 'நஹி'. அண்டா என்றால் முட்டை. அந்த மூன்று வார்த்தைகளும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறை 'சார்' வரும்போதும் அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். முதல் முறை வியப்பாக. இரண்டாம் முறை வேறு மாதிரி. மூன்றாம் முறை நான் சுவரில் இருந்த அம்மை தடுப்பூசிப் படத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

"என்ன அண்ணே சொல்றாங்க?"

"வயித்துல கொக்கிப்புழுவாம் சார். தினமும் ரத்தத்தைக் குடிக்குதாம். பாதி ரத்தம்தான் இருக்காம். ஒன்றரை மாசம் முன்னாடி குடுத்த மருந்தை அன்னிக்கே தின்னிருந்தா, இன்னிக்குப் பாஸாம்."

சற்று நிறுத்தி, "நீங்க கோபப்படாதீங்க, அவரு நல்ல மனுஷன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கேன் சார்" என்றார்.

தாளில் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்று எழுதினார்கள். முப்பது நாளில் மறு சோதனை. அதிலும் தவறினால் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும்.

 திரும்பி வரும் வழியில் ஜம்புலிங்கம் ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். இரண்டாவது தடவை என் தோளைத் தட்டி, "விடுங்க சார். உங்க மருந்துக்கு நாமதான் டைம் குடுக்கல" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் அன்று இரவு தூங்கியிருப்பேன்.

வீட்டு வாசலில் அன்னம்மாள் நின்றார். எங்கள் இரண்டு முகங்களையும் பார்த்தார்.  நாள்காட்டிக்குப் பின்னால் கையை விட்டு உறையை எடுத்தார்.

"இதை நீங்க படிக்கவேயில்ல, இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

"எப்படிப் படிப்பீங்க? இதுல ஒண்ணும் எழுதலையே."

மறுநாள் உறையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு அவரே போனார். கம்பவுண்டரிடம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார்: எப்போது, எத்தனை, முன்னால் என்ன, பின்னால் என்ன, ஏன். பூச்சி மருந்து உள்ளே போயிற்று. அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, மீன். வெறுங்காலோடு சேற்றில் இறங்கக் கூடாதென்று பாயின் கடையிலிருந்து ஒரு ஜோடி கான்வாஸ் பூட்ஸ். முட்டை முழுசாக, மஞ்சளும் வெள்ளையும் பிரியாமல். என் வேலை ஒன்றுதான்: தினமும் காலையில் ஆபீஸ் போகும் வழியில் ஜம்புலிங்கத்தின் வீட்டில் நுழைந்து, அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பது. பத்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. பதினைந்தாம் நாள் ஓரத்தில் ஒரு ரேகை சிவந்த மாதிரி இருந்தது. அது என் ஆசையின் சிவப்போ என்று சந்தேகமாக வெளியே வெளிச்சத்துக்கு இழுத்து வந்து பார்த்தேன். இருபத்தைந்தாம் நாள் சந்தேகமில்லை. பல்கலைக்கழகத் தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அது என் பிழைப்பு, இது இன்னொருவனுடையது.

முப்பதாம் நாள் மறு சோதனையில் அவர் தேறிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்கமாட்டேன். ஜம்புலிங்கம் சான்றோடு நேரே பஜாருக்குப் போய், பாய் கடையில் சர்பத் குடித்துக்கொண்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், "எல்லாம் பி.எஸ்ஸி. சார் மருந்துதான். மெள்ள வேலை செய்யும், ஆனா பக்காவா வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டார். நன்றியுள்ள மனிதன் நமக்குச் செய்யும் கெடுதலை விரோதி செய்ய முடியாது. பாய் அடுத்த கப்பலுக்கு ஒரு பெட்டி லெசித்தினுக்கு எழுதிவிட்டதாகச் செய்தி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வாசலில் நாலு மஜ்தூர்கள். குட்வில் எஸ்டேட் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள்; அடுத்த பட்டியலுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களில் பழனிசாமி என்பவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். பழுப்புக் காகித உறை. பணிவாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், இதை எத்தனை நாளைக்குத் தள்ளி வைக்கணும்?"

பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அன்னம்மாள் அப்படியே நின்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் பேச்சைக் கேட்டதால்தான் ஜம்புலிங்கத்தின் வேலை போக இருந்தது என்றேன். லெசித்தின் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை, எனக்கு மட்டும் ஒரு நாள் பேதி கொடுத்தது என்றேன். கம்பவுண்டர் சொன்னபடி சொன்ன நாளில் விழுங்கிவிடுங்கள் என்றேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்த்தியா, என்னா அடக்கம்!" என்றார் பழனிசாமி. "படிச்சவருன்னா இப்படித்தான் பேசுவாங்க."

"அடக்கமும் இல்ல, கிடக்கமும் இல்ல" என்று அன்னம்மாள் குரல் கொடுத்தார். "அவருக்கு நெசமாவே தெரியாது. ஆறு வாரம் பக்கத்துல இருந்து பார்த்தவ நான் சொல்றேன்."

அதை அவர்கள் நம்பினார்கள். உறை பழனிசாமியின் சட்டைப்பைக்குத் திரும்பிப் போயிற்று. எனக்கு உடம்பு லேசானது மாதிரி இருந்தது. அந்தக் கணமே நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

படியிறங்கிய பழனிசாமி திரும்பிப் பார்த்து, சும்மா, பேச்சுக்கு, ஒரு வார்த்தை கேட்டார். "ஏன் சார், இந்தப் பூச்சி எப்படி சார் வயித்துக்குள்ள போகுது?"

கேள்வி! விலங்கியலில்! என்னிடம்!

"வாங்க, வாங்க, உட்காருங்க" என்றேன். நாலு பேரையும் உட்காரவைத்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நீட்டினேன். "நம்ம பாதத்துத் தோல் இருக்கே, அது என்ன? உயிரணு..."

அன்னம்மாள் வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் பேசிக்கொண்டிருந்தேன். கொக்கிப்புழுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்று வரி. நாலு பேரும் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்து போக முடிந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வாசித்து முடித்த கையோடு முதலில் எதிர்ப்படுகிறவரிடம், 'பூச்சி மருந்துக்கு எண்ணெய் ஏன் ஆகாதுன்னு தெரியுமா உங்களுக்கு?' என்று தொடங்கப்போகிறீர்கள். நாக்கு நுனியில் வந்து நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. தொடங்குங்கள், தடுக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. தொடங்குவதற்கு முன்னால் அவர் சட்டைப்பையை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ விஷயம் தெரிந்தவர் கொடுத்த உறை ஒன்று அதில் இருக்கலாம். நீங்கள் பேசி முடிக்கட்டும் என்று, மரியாதைக்காக, அவர் அதைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம்.